வேகப் பந்து வீச்சும் வெளி நிலமும்

தமிழகம் கிரிக்கெட் ஆட்டத்திற்கு அளித்துள்ள வீரர்களின் ஜாபிதாவை எடுத்துப் பார்ப்போர்க்கு ஒரு விசித்திரம் உடனே புலப்படும். சுழற்பந்து வீச்சில் நமக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. ஸ்ரீ வெங்கடராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற ஸ்ரீ அசுவின் 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகளைக் குவித்து உலகத்தையே வியக்கச் செய்தார். ஆனால் வேகப் பந்து வீச்சில் நமது கணக்கு என்ன? ஸ்ரீ எம். ஜே. கோபாலன் ஒரு டெஸ்டு, ஸ்ரீ சி. ஆர். ரங்காச்சாரி நான்கு, ஸ்ரீ டி. ஏ. சேகர் இரண்டு; ஸ்ரீ லட்சுமிபதி பாலாஜி எட்டு; ஸ்ரீ டி. நடராஜன் ஒன்று. தொண்ணூறு ஆண்டுக் காலத்தில் தோன்றிய இவ்வைவர் ஆடிய டெஸ்டுகளைக் கூட்டினால் பதினாறு தேறும். ஹரியானாவைச் சேர்ந்த ஸ்ரீ கபில்தேவ் ஒருவர் மாத்திரம் 131 டெஸ்டுகள் ஆடி 434 விக்கெட்டுகளை எடுத்தார் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. சென்னையின் வெயில் கொடியது. சேப்பாக்கத்துத் தரை சுழற்பந்துக்கே இசைந்தது. தமிழன் மூளையால் ஆடுபவன், தோளால் ஆடுபவன் அல்லன் என்பனவே அவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைப் போன்ற அசட்டுப் பெருமை வேறொன்று இருக்க முடியாது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனும், உருக்காலையில் பழுக்கக் காய்ந்த கம்பியை இடுக்கியால் இழுப்பவனும் தமிழனே; அவனுக்குத் தோள் இல்லையென்று யார் சொன்னார்கள்? சேப்பாக்கத்துத் தரையைப் பற்றிய வாதமும் நிற்காது. 1934 பிப்ரவரியில் அங்கு நடந்த முதல் டெஸ்டிலேயே அமர்சிங் 86 ஓட்டங்களுக்கு ஏழு இங்கிலீஷ்காரர்களை வெளியேற்றினார். 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவினரான ஆண்டி ராபர்ட்ஸ் அதே தரையில் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1980 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கபில்தேவ் பதினொன்று எடுத்தார். வெயிலும் தரையும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். அவ்விடம் எது என்பதைக் காட்ட, நம்மவர் சிலருடைய ஆட்ட வாழ்க்கையைச் சிறிது விவரித்தல் அவசியமாகிறது.

கோபாலன் 1909ல் தர்மபுரிச் சீமையைச் சேர்ந்த மொரப்பூரில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பந்து வீசிக்கொண்டிருந்த அவ்விளைஞரின் திறமையைக் கண்டுகொண்டவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் வெள்ளைக்காரர். அவர் சென்னை ஐரோப்பியர் கட்சியின் பிரதான ஆட்டக்காரர். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் வகித்தவர். அவர் செய்த காரியம் இரண்டு. கோபாலனைப் பெரிய ஆட்டங்களுக்குக் கொண்டு வந்தார். தம் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். இந்த இரண்டாவது காரியத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வேலை கிடைத்தது, கவலை தீர்ந்தது, தோள் வேலை செய்தது. விஜயநகரம் மகாராஜகுமாரின் கோஷ்டியோடு வந்த உலகப் புகழ் பெற்ற ஹாப்ஸையே அவர் வீழ்த்தினார். 1934 நவம்பர் 4ந் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் அவரே. அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று.

இத்தகையவர் ஆடிய டெஸ்டு ஒன்றே ஒன்று. 1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்துக் கோஷ்டிக்கு எதிராக ஆடினார். ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சென்னையில், அவர் ஓடி ஓடிப் பழகிய சேப்பாக்கத்திலேயே டெஸ்டு நடந்தது. சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் பட்ட நஷ்டம் இதோடு முடியவில்லை. கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935ல் தியான்சந்தோடு நியூஜீலந்துக்குச் சென்று ஆடியவர். மறு வருஷம் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் சுற்றுப்பயணம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவரை ஆட விடவில்லை. அந்தச் சுற்றுப்பயணம் முழுவதுமே கோஷ்டிச் சண்டையால் சீரழிந்து, அமர்நாத் நடுவிலேயே ஊருக்கு அனுப்பப்பட்ட கதை யாவரும் அறிந்ததே. ஹாக்கிக் கோஷ்டியோ 1936 ஆகஸ்டு 15ந் தேதி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்றாக முறியடித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. பிற்காலத்தில் அவர் தேர்வுக் கமிட்டியிலும் இடம் பெற்றார்; சென்னையும் இலங்கையும் ஆடிய போட்டிக்கு அவர் பெயரால் கோப்பை ஏற்பட்டது; 2003 டிசம்பரில் முதிர்ந்த வயதில் காலமானார். ஆனால் பந்து வீசும் தோள் இருந்த காலத்தில் தேசம் அவருக்கு அளித்தது ஒரே ஓர் ஆட்டந்தான்.

ரங்காச்சாரியின் சரித்திரம் இன்னும் வேதனையானது. அவர் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாக்காரர், மாமண்டூரில் பிறந்தவர். இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் அடக்கமாதலால், நாம் இங்கே பேசப்போகும் பிரதேசத்திற்கு அவர் ஒருவகையில் உறவினரே. அவருக்குச் சோறு போட்டது போலீஸ் இலாகா. 1948ல் அடிலெய்டில் ஆஸ்திரேலியர் 674 ஓட்டங்களைக் குவித்த இன்னிங்ஸில் நான்கு விக்கெட்டுகளையும், அதே வருஷம் நவம்பரில் டில்லியில் மேற்கிந்தியர் 631 எடுத்தபோது 107 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளையும் அவர் எடுத்தார். டில்லியில் ஆட்டம் தொடங்கியதும் எதிரிகளை மூன்று விக்கெட்டுக்கு 27 என்று திணற அடித்தார். அவருடைய டெஸ்டு வாழ்க்கையின் விக்கெட்டுகள் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் இந்த இரண்டு இன்னிங்ஸ்களில் எடுத்தவையே. மற்றவர்கள் கை சோர்ந்து நின்ற வேளையில் ஓயாமல் ஓடி வீசிய மனிதருக்கு நான்கு டெஸ்டுகளோடு கதவு அடைக்கப்பட்டது.

வேகப் பந்து வீச்சு என்பது உழைப்பாளியின் கலை என்பதை உலகக் கிரிக்கெட் சரித்திரம் நன்கு காட்டுகிறது. ஹரால்டு லார்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மேற்படி ஜார்டின் துரையின் உத்தரவுப்படி 1932-33ல் ஆஸ்திரேலியர்களின் உடம்பைக் குறி வைத்து வீசி, அந்த வரிசையில் 33 விக்கெட்டுகளை எடுத்தவர். பின்னர் கண்டனம் எழுந்தபோது, உத்தரவிட்ட கனவானே மறு வருஷம் நமது தேசத்திற்குக் காப்டனாக வந்து சேர்ந்தார்; மன்னிப்புக் கடிதம் கேட்கப்பட்டது சுரங்கத் தொழிலாளியிடந்தான். அவர் மறுத்தார். அதன்பின் இங்கிலாந்துக்காக ஒரு நாளும் ஆடவில்லை. வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே நீதி இப்படி நடந்ததென்றால், கறுத்த தோலுடைய கோபாலனுக்கும் ரங்காச்சாரிக்கும் நடந்ததைப் பற்றி நாம் அதிகம் வியப்படைய வேண்டியதில்லை. ஆனால் இப்பொழுது வெள்ளைக்காரர் இல்லை; ஆட்சி நம்முடையது, சங்கம் நம்முடையது, பணம் நம்முடையது. இன்றும் குறை நீடிக்குமானால் பழியைப் போட வேற்றான் கிடைக்கமாட்டான்.

1987ல் சென்னையில் எம். ஆர். எப். டயர்க் கம்பெனியார் வேகப் பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சிக் கூடத்தை ஏற்படுத்தி, ஆஸ்திரேலிய வீரர் டெனிஸ் லில்லியை ஆசானாகக் கொண்டு வந்தார்கள். இது மெச்சத்தக்க முயற்சி என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஸ்ரீநாத், வெங்கடேச பிரசாத், ஜாகிர்கான் முதலியோர் அங்கே பயின்றவர்கள். பிற்காலத்தில் அங்கேயே ஆசானாக வந்த மக்கிராத்துங்கூட 1992ல் மாணாக்கராக வந்தவர். ஆனால் மைசூர்க்காரரும் மராட்டியரும் ஆஸ்திரேலியரும் சென்னைக்கு வந்து கற்றுச் சென்று நூற்றுக்கணக்கில் விக்கெட்டுகளைச் சாய்த்திருக்க, அக்கம்பெனியின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து ரயிலில் சென்றால் ஒரு மணி சொச்சத்தில் எட்டக்கூடிய கும்மிடிப்பூண்டியிலிருந்து இந்தியாவுக்காகப் பந்து வீச ஒருவர் கிளம்பவில்லை. பயிற்சிக் கூடத்தின்மீது குற்றமில்லை. அது கல்லூரியைப் போன்றது. ஆரம்பப் பாடசாலை இல்லாத ஊரிலிருந்து கல்லூரிக்கு யார் போவார்கள்?

பாடசாலை இல்லாமலே ஒருவர் கல்லூரிக்குப் போனதுண்டு. அவர்தாம் நடராஜன். சேலத்தைச் சேர்ந்த சின்னப்பம்பட்டியில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் சாலையோரத்தில் கோழிக் கறிக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இருபது வயதை நெருங்கும் வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். குறி தவறாமல் ஆட்டக்காரரின் காலடியில் பந்தைப் பாய்ச்சும் வித்தையும் அந்த டென்னிஸ் பந்து கற்றுக் கொடுத்ததே. அவ்வூர்க்காரரான ஜெயப்பிரகாஷ் என்பவர் கைதூக்கிவிட்டுச் சென்னைக்கு அனுப்பினார். அந்நன்றிக்காக அவர் பெயரின் முதலெழுத்துகளை நடராஜன் தம் ஆட்டச் சட்டையில் பொறித்துக்கொண்டார். 2015ல் ரஞ்சிப் போட்டியில் அடியெடுத்து வைத்ததும் பந்து வீசும் முறையில் சந்தேகம் கிளப்பப்பட, மறுபடி அடியிலிருந்து கைவீச்சைத் திருத்திக்கொண்டு வந்தார்.

பின்னர் நடந்ததை நாடறியும். 2020ல் வலைப் பயிற்சியில் வீசுவதற்கென்று ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், மற்றவர்கள் காயமுற்று விழ விழ, டிசம்பர் 2ந் தேதி ஒரு நாள் ஆட்டத்திலும், 4ந் தேதி இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15ந் தேதி பிரிஸ்பேன் டெஸ்டிலும் இறங்கினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் முதன்முறையாக அடியெடுத்து வைத்த இந்தியர் அவருக்கு முன் எவருமில்லை. அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகளை எடுத்தார். 1988க்குப் பின் அம்மைதானத்தில் தோற்றறியாத ஆஸ்திரேலியர் அன்று தோற்றனர். 2021 மார்ச்சு 28ந் தேதி புனாவில் இங்கிலாந்துக்கு எதிரான ஒரு நாள் ஆட்டத்தின் கடைசி ஓவரில், எதிரிக்கு வேண்டிய பதினான்கு ஓட்டங்களைக் கொடாமல் காத்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அத்துடன் சரி. முழங்காலில் சஸ்திர சிகிச்சை நடந்தது. அதன் பிறகு இந்தியச் சட்டையை அவர் அணியவில்லை. அவருடைய சர்வதேச வாழ்க்கை நான்கு மாதங்களுக்குள் அடங்கிவிட்டது.

பாலாஜியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2005ல் மொஹாலியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒன்பது விக்கெட்டுகளைச் சாய்த்த அதே மாதத்தில் அவர் தம் கடைசி டெஸ்டையும் ஆடி முடித்தார். காயங்கள் அவரை முடக்கின.

இவ்வாறு உடம்பு ஒடிவது விதியின் விளையாட்டு அன்று. வேகமாக வீசுபவன் முன்காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் தன் உடல் எடையைப் போல் பல மடங்கு பாரத்தை அக்காலும் இடுப்பும் தாங்குகின்றன. பதினான்கு, பதினைந்து வயதிலிருந்து சரியான தரையில், சரியான பாதரட்சையுடன், அளவறிந்து வீசிப் பழகியவனுடைய எலும்பு அதற்குத் தயாராகிறது. கட்டாந்தரையில் ரப்பர்ப் பந்தை வீசிக்கொண்டிருந்துவிட்டு, இருபதுக்கு மேல் திடீரென்று தோல் பந்தைக் கையிலெடுத்து நாளொன்றுக்கு இருபது ஓவர் வீசப் புகுந்தவன் எவ்வளவு பெரிய வீரனாயினும் அவன் உடம்பு கடனைக் கேட்காமல் விடாது. மைதானமின்மை வீரன் தோன்றுவதைத் தடுப்பதோடு நிற்கவில்லை. தப்பித் தவறித் தோன்றியவனுடைய ஆயுளையும் குறைக்கிறது என்பதே நமது கட்சி.

இனித் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வருவோம். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் இன்று இரும்பு உருக்கும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும், கிடங்குகளும் நிறைந்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட், திருவள்ளூரை அடுத்துக் காக்களூரில் தொழிற்பேட்டை, தேர்வாய் கண்டிகையில் மற்றொரு சிப்காட். இக்கடைசி இடத்தில், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மேய்ச்சல் நிலம் என்று ஊரார் உரிமை கொண்டாடிய வெளி தொழிற்பூங்காவாக்கப்பட்டது, ஊரார் போராடினர், பிறகு பிரெஞ்சு டயர்க் கம்பெனியொன்று அங்கே ஆலை எழுப்பிற்று. ஆலை வரக்கூடாது என்பது நமது வாதமன்று. கைத்தொழில் பெருகாமல் தேசம் பிழைக்காது என்று இப்பத்திகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஆனால் மேய்ச்சல் வெளி என்பது மாடுகளுக்கு மட்டும் உரியதன்று. மாலை வேளையில் ஊர்ப் பிள்ளைகள் ஓடியதும் அங்கேதான். மாட்டுக்கு நஷ்ட ஈடு பேசியவர்களுள் பிள்ளைகளின் ஓட்டத்திற்கு நஷ்ட ஈடு பேசியவர் எத்தனை பேர்?

இப்பிள்ளைகள் இப்போது எங்கே ஆடுகிறார்கள்? ஏரி வற்றினால் ஏரிக்குள்ளே ஆடுகிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் மைதானம் நீருக்குள் போய்விடும். மறுபடி தலை காட்டப் பங்குனி, சித்திரை ஆகும். அதற்குள் சவுடு மண் எடுக்கும் லாரிகள் வந்துவிடுகின்றன. சாலை போடவும் மனை மேடாக்கவும் மண்ணைத் தோண்டிச் சென்றபின் மிஞ்சுவது குழி. வேகமாக வீசுபவன் ஓடி வர இருபது கஜம் வேண்டும். ஆடுகளம் இருபத்திரண்டு கஜம். விக்கெட் காப்பவன் நிற்க அப்பால் ஒரு பதினைந்து கஜம். ஆக, சமமான தரை அறுபது கஜம் இல்லாத ஊரில் பையன் என்ன செய்வான்? நான்கு அடி எடுத்து வைத்துச் சுழற்பந்து வீசுவான். தமிழன் மூளையால் ஆடுகிறான் என்று நாம் பெருமை பேசிக்கொள்வோம்!

பழைய காலத்துத் தொழிற்சாலைகள் இப்படி இருக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இதே மாவட்டத்தில் ஆவடியில் சர்க்கார் கனரக வாகனத் தொழிற்சாலையை அமைத்தபோது தொழிலாளருக்கு வீடு, பள்ளிக்கூடம், மைதானம் யாவற்றையும் சேர்த்தே அமைத்தார்கள். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் அவ்விதமே. சென்னை லீக் ஆட்டங்களில் பாங்கிகளும் ரயில்வேயும் பிஸ்டன் கம்பெனியும் கோஷ்டி வைத்திருந்து, பந்து வீசத் தெரிந்தவனுக்கு உத்தியோகம் கொடுத்துக் காப்பாற்றின. இன்றைய தொழிற்பேட்டையிலோ மனைகள் உண்டு, மதிற்சுவர் உண்டு, காவற்காரன் உண்டு. வேலை செய்பவர்களிற் பெரும்பாலார் காண்டிராக்டர் மூலம் வரும் தினக்கூலிகள். உள்ளூர்ப் பையன்களும் பீகார், ஒரிஸா பையன்களும் ஒன்றாக முறைவேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உலையடியில் நின்றுவிட்டு வருபவனை மறுநாள் காலை நேரத்தோடு பந்து வீச வா என்று யார் அழைக்க முடியும்? ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. கோபாலனுக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி செய்ததை நமது சுதேசிக் கம்பெனிகள் செய்ய மறுப்பது வெட்கக் கேடல்லவா?

பணமில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, வருஷத்தில் ஐந்து கோடி ரூபாய்க்குக் குறையாமல் நிகர லாபம் ஈட்டும் கம்பெனி, தன் மூன்று வருஷத்து லாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலக் காரியங்களில் செலவிட்டாக வேண்டும். அக்காரியங்களின் அட்டவணையில் கிராம விளையாட்டுகளுக்கும், தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளித்தல் ஸ்பஷ்டமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆலையைச் சுற்றியுள்ள பிரதேசத்திற்கு முதலிடம் தரவேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. அப்படியிருக்க, மரம் நடுவது போல் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு கடமை தீர்ந்ததென்று நினைப்போரும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல நாம் விரும்பவில்லை. அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம்.

கூலி உயர்வும் வீட்டு வசதியும் இல்லாதவனுக்கு மைதானம் எதற்கு என்று தொழிலாளர் இயக்கத்து நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கூலியை விட்டுக் கொடுத்து மைதானம் கேட்கச் சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலைக்குப் போராடியவர்கள் மிச்ச நேரத்தில் தொழிலாளி மனிதனாக வாழவேண்டும் என்பதற்காகவே போராடினார்கள். அந்நேரத்தைக் கழிக்கச் சாராயக் கடை மட்டும் திறந்திருந்து, மைதானம் மட்டும் மூடிக் கிடந்தால் போராட்டத்தின் பலனை யார் அனுபவிக்கிறார்கள்?

சேலத்து நடராஜன் காட்டிய வழியும் நம் முன்னே இருக்கிறது. ஆட்டத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு தம் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்தார்; அது 2023ல் திறக்கப்பட்டது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை தனியொருவனாகச் செய்ததை, வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள் நிற்கும் ஒரு தொழிற்பேட்டை செய்யக்கூடாதா?

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைத் தாலுகாக்களில் உள்ள நமது தொண்டர்கள் செய்ய வேண்டிய காரியம் இது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஏரிக்கு வெளியே மேடாகவுள்ள சர்க்கார் புறம்போக்கு எது, அதன் சர்வே எண் என்ன, பரப்பு எவ்வளவு, யாருடைய அனுபவத்தில் இருக்கிறது என்பதைக் கிராமக் கணக்கிலிருந்து எழுதிக்கொள்ளட்டும். கிராம சபையில் மைதானத்திற்கென்று தீர்மானம் நிறைவேற்றட்டும். அத்தீர்மானத்தோடு, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் நடத்தும் குறைதீர்க்கும் கூட்டத்திற்குச் செல்லட்டும். ஒரு பிரதியைச் சிப்காட் அதிகாரிக்கும், மற்றொன்றை மாவட்டக் கிரிக்கெட் சங்கத்திற்கும் கொடுக்கட்டும். கம்பெனிகள் வருஷாந்தரச் செலவுத் திட்டத்தை மார்ச்சு முடிவதற்குள் வகுத்துவிடுகின்றன. ஆகவே தை மாதத்திலேயே ஆலை நிர்வாகிகளை நேரில் கண்டு பேசுவது உசிதம். நிலத்தைச் சமன் செய்ய எத்தனை லோடு மண் வேண்டும், தண்ணீருக்குக் குழாய்க் கிணறு எங்கே போடுவது, முறைவேலை முடிந்து வரும் பையன்களுக்காக எத்தனை விளக்குக் கம்பங்கள் தேவை என்ற விவரங்களும் மனுவில் இருக்கட்டும்.